நஞ்சை எடுப்பதும் கையைக் கட்டுவதும்

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட சிறப்புரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை வாசலில் நின்று நீங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ, அதற்கு மேல் ஹெல்மெட். ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும் நசிந்துபோன பூவைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு தங்கை, "இந்தச் சட்டம் போட்டவனுக்குத் தலையில பூ வைச்சுப் பழக்கமில்லைப் போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஹெல்மெட் போடாமல் ஒருவர்கூட வரவில்லை.

நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விடயம் அந்தச் சிரிப்புக்குள்தான் இருக்கிறது. என் தலை என்னுடையது. அது உடைந்தால் வலிப்பதும் எனக்குத்தான். அப்படியிருக்க, என் தலையைக் காப்பாற்று என்று எனக்குக் கட்டளையிட அரசுக்கு என்ன உரிமை? பிள்ளைக்கு எது நல்லது என்று தகப்பன் தீர்மானிப்பதைப்போல, வளர்ந்த மனிதர்களுக்கு எது நல்லது என்று அரசு தீர்மானிக்கலாமா? தீர்மானித்தால் தனிமனித சுதந்திரம் என்று எதைச் சொல்வது?

எமது விடுதியில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. வீட்டிலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் படித்த பிறகுதான் எங்கள் கையில் தருவார்கள். இரட்டைப் பின்னல், ஆறரை மணிக்குப் படிப்பு, ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. எல்லாம் "உங்கட நன்மைக்குத்தான் பிள்ளையள்." அன்று முணுமுணுத்தோம். இன்று நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அன்று எங்களுக்குப் பன்னிரண்டு வயது. கல்லூரி அதிபர் வேறு, அரசாங்க அதிபர் வேறு. முன்னவர் எங்களை வளர்த்து வெளியே அனுப்புவதற்காக இருந்தவர். பின்னவர் ஏற்கெனவே வளர்ந்தவர்களுக்குச் சேவை செய்ய இருப்பவர்.

நான் சட்டம் படித்தவளல்ல, மெய்யியலும் படித்தவளல்ல. விடுதிக் கட்டில்களுக்கிடையே நடந்து பழகியவள். ஆகவே அங்கே கண்டதிலிருந்தே பேசுகிறேன்.

நான் பயிற்சி வைத்தியராக இருந்த காலம். இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். தோட்டக்காரக் குடும்பம். வீட்டில் ஏதோ வாய்த்தர்க்கம். கோபத்தில், கொட்டிலில் இருந்த களைகொல்லியைக் குடித்துவிட்டான். அது அக்காலத்தில் எந்தக் கடையிலும் வாங்கக்கூடியதாக இருந்த ஒன்று. அதன் கொடுமை என்னவென்றால், குடித்தவருக்கு நினைவு தப்புவதில்லை. நாட்கணக்கில் தெளிவாகப் பேசிக்கொண்டே இருப்பார். இரண்டாம் நாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டொக்டர், நான் கோவத்தில செய்திட்டன். எனக்குச் சாக விருப்பமில்லை" என்றான். ஐந்தாம் நாள் இறந்துபோனான்.

அவனுடைய சுதந்திரம் எங்கே இருந்தது? நஞ்சை எடுத்த அந்தச் சில நிமிடங்களிலா, என் கையைப் பிடித்த அந்த நாளிலா? இந்தக் கேள்வி இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அது ஒன்று. 1950களில் இந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. இடையில் என்ன நடந்தது? எங்கள் மனங்கள் திடீரென்று பலவீனமாகிவிடவில்லை. பசுமைப் புரட்சியோடு வந்த கடும் நஞ்சுகள் ஒவ்வொரு தோட்டக் கொட்டிலுக்குள்ளும் குடியேறிவிட்டன. முன்பு ஒரு கோபம் அழுகையோடு முடிந்தது. பிறகு அதே கோபம் செத்தவீட்டில் முடிந்தது.

அரசு அப்போது செய்தது இதுதான். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், மிகக் கொடிய கிருமிநாசினிகளைப் படிப்படியாகச் சந்தையிலிருந்து எடுத்தது. 1984இல் பரத்தியோன், 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ், 1998இல் என்டோசல்பான், 2008 தொடக்கம் 2011 வரையில் பரகுவாட் உட்பட மேலும் மூன்று. விளைவு? நஞ்சருந்தி வைத்தியசாலைக்கு வருபவர்களின் தொகை பெரிதாகக் குறையவில்லை. வந்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். இருபது ஆண்டுகளில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. 1995க்கும் 2015க்கும் இடையில் இந்தத் தடைகளால் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் மற்ற நாடுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கின்ற இலங்கைக் கதை இது. எங்களுக்குத்தான் அது அவ்வளவாகத் தெரியாது.

இதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. அதுவரை எமது தண்டனைச் சட்டக்கோவையின்படி தற்கொலைக்கு முயல்வது குற்றம். உயிர் பிழைத்தவருக்குக் கட்டிலருகில் பொலிஸ் விசாரணை. வெட்கத்தாலும் பயத்தாலும் குடும்பங்கள் உண்மையை மறைத்தன. 1998இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அரசு, ஒரே பத்தாண்டு, ஒரே நோக்கம். ஒரு சட்டம் மனிதரைப் பிடித்துத் தண்டித்தது. அதனால் யாரும் காப்பாற்றப்பட்டதாக நான் அறியவில்லை. மற்றது மனிதரைத் தொடவேயில்லை. அவர் கைக்கு எட்டும் தூரத்திலிருந்த நஞ்சை மட்டும் எடுத்தது. சிந்திப்பதற்கு அவருக்கு ஓர் இரவைக் கொடுத்தது. விடிந்த பிறகு அவருடைய வாழ்க்கை அவரிடமே இருந்தது.

தகப்பன் போல நடக்கும் அரசு இரண்டு வகை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஒன்று நஞ்சை எடுக்கிறது. மற்றது கையைக் கட்டுகிறது. முதலாவது சுதந்திரத்தோடு ஒத்துப்போகும். இரண்டாவது ஒத்துப்போகாது. நான் சொல்ல வந்ததன் சுருக்கம் இவ்வளவுதான்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு இதேபோல ஒரு பெண் வந்தார். கொட்டிலில் அவர் கைக்கு அகப்பட்டது பழைய நஞ்சல்ல, தடைகளுக்குப் பின் வந்த வேறொன்று. நான்கு நாட்களில் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். இன்று திருநெல்வேலிச் சந்தையில் கீரை விற்கிறார். என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டார், நானும் காட்டிக்கொள்ளமாட்டேன். ஆனால் இரண்டு பிடிக்குக் காசு கொடுத்தால் மூன்று பிடி கட்டித் தருவார். தப்பிப் பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் மீண்டும் அந்தப் பாதைக்குத் திரும்புவதில்லை. இந்த மண்டபத்தில் யாருக்கேனும் அல்லது உங்கள் வீட்டில் யாருக்கேனும் மனச்சுமை தாங்க முடியாதிருந்தால் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை மறக்கவேண்டாம். எங்களிடம் வரலாம். யாரும் விசாரிக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எங்கள் ஊரில் வெங்காயம் வைக்கும் ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார்: "ஆரோ ஒருத்தன் குடிக்கிறான் எண்டதுக்காக என்ர வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தை ஏன் பிள்ளை நிப்பாட்டினவங்கள்?" அவர் கேட்டது சரி. நஞ்சை எடுத்தாலும் யாரோ ஒருவருடைய தெரிவு சுருங்கத்தான் செய்கிறது. ஆகவே அதற்கும் கணக்குக் காட்டவேண்டும். இந்தத் தடைகளில் கணக்குக் காட்டினார்கள். ஒன்றை எடுக்கும்போது அதற்குப் பதிலாக ஆபத்துக் குறைந்த இன்னொன்று சந்தையில் இருந்தது. விளைச்சல் விழுந்ததா என்றும் பின்னர் ஆராய்ந்தார்கள், விழவில்லை. பெரியவரின் வெங்காயமும் பிழைத்தது, பக்கத்து வீட்டுப் பையனும் பிழைத்தான்.

கணக்குக் காட்டாத தடையையும் நாங்கள் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியால் இரசாயன உரமும் கிருமிநாசினியும் நாடு முழுவதும் இறக்குமதி செய்யத் தடையாயின. அதற்கும் சொன்ன காரணம் மக்களின் உடல்நலந்தான். எங்கள் செம்மண் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதை அறிந்த வைத்தியர் என்ற முறையில் அந்தக் கவலை எனக்கும் உண்டு. சுண்ணாம்புக்கல்லுக்குக் கீழே எல்லாருடைய தண்ணீரும் ஒன்றுதான். என் தோட்டத்தில் அளவுக்கு மிஞ்சிப் போட்ட உரம் அடுத்த வளவுக் குழந்தையின் பால்போத்தலுக்குப் போகும். அங்கே என் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. ஆனால் அன்று மாற்று உரம் இல்லை, படிப்படி இல்லை, தோட்டக்காரரைக் கேட்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கவேண்டி வந்தது. அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இனிக் கையைக் கட்டும் வகைக்கு வருகிறேன். பெண்கள் கல்லூரி ஒன்றின் மேடையில் நின்று இதைப் பேசாமல் போகமுடியாது. ஏனென்றால் அப்படிக் கட்டப்படும் கை பெரும்பாலும் வளையல் போட்ட கையாகவே இருக்கிறது.

மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2005இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டோடு சவூதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். 2013 ஜனவரியில் அங்கே அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே அழுதது. அந்த ஆண்டிலேயே, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகமுடியாது என்று சுற்றறிக்கை வந்தது. குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்றில் அதிகாரிகள் கையொப்பமிட்டால்தான் பயணம். வெளிநாடு போகும் தகப்பனுக்கு அப்படி ஓர் அறிக்கை கிடையாது.

ரிசானாவைக் கொன்றது அவர் போனது அல்ல. போலிக் கடவுச்சீட்டு, அதைச் செய்த முகவர், கைதான பின் உரிய காலத்தில் கிடைக்காத மொழி உதவியும் சட்ட உதவியும். அவற்றைத் தடுப்பது நஞ்சை எடுப்பது. தாயைத் தடுப்பது கையைக் கட்டுவது. எது இலகுவோ அதைச் செய்தார்கள்.

என் சிகிச்சை நிலையத்துக்கு வந்த ஒரு தாயின் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. கணவன் இல்லை. போருக்குப் பின் எங்கள் மாவட்டங்களில் இப்படித் தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நுண்கடன்காரர் ஒவ்வொரு கிழமையும் வாசலில். "டொக்டர், பிள்ளையை விட்டிட்டுப் போக எனக்கென்ன ஆசையா? அம்மா பாப்பா. ரெண்டு வருசம் உழைச்சால் கடன் முடியும். விடமாட்டினமாம்" என்றார். அவர் பிறகு பார்வையாளர் விசாவில் போனார். சட்டப்படி போயிருந்தால் பதிவும் காப்புறுதியும் இருந்திருக்கும். காப்பாற்றுவதற்காகப் போட்ட சட்டம், காப்பாற்ற முடியாத இடத்துக்கு அவரைத் தள்ளிவிட்டது.

2022 ஜூனில் அமைச்சரவை அந்த ஐந்து வயதை இரண்டாகக் குறைத்தது. ஒன்பது ஆண்டுகளில் இலங்கைக் குழந்தைகளுக்குத் தாயின் தேவை குறைந்துவிட்டதா? இல்லை, அந்த ஆண்டில் திறைசேரியில் டொலர் முடிந்துவிட்டது. பிள்ளையின் நன்மை என்று சொல்லப்பட்டது எவ்வளவு உறுதியானது என்பதை அங்கே கண்டோம்.

கொழும்பை மட்டும் குறைசொல்லி முடிக்க நான் வரவில்லை. எங்கள் வீட்டு அலுமாரியைத் திறப்போம். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையை நாங்கள் பெருமையோடு பேசுகிறோம். பெண்ணுக்குச் சீதனமாகச் சொத்துக் கொடுத்த வழமை அது, பெருமைக்குரியதுதான். ஆனால் 1911இல் வந்த யாழ்ப்பாண விவாக, வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன்னுடைய சொந்தக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். உங்களில் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், வங்கி முகாமையாளர்கள் இருக்கிறீர்கள். ஊரார் பணத்தையெல்லாம் நிர்வகிக்கும் கையொப்பம், உங்கள் தாய் தந்த நான்கு பரப்புக்குப் போதாது. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்று சட்டம் ஒரு வழி விட்டிருக்கிறது. கணவனைத் தேடிப் படத்தைக் கையில் பிடித்தபடி தெருவோரத்தில் இருக்கும் ஒரு பெண், பிள்ளையின் படிப்புக்காகத் தன் சொந்தக் காணியை விற்பதற்கு, அவரைக் காணவில்லை என்று இன்னொரு தடவை ஒரு மேசைக்கு முன்னால் நின்று சொல்லவேண்டியிருக்கிறது.

மதுபானச் சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கு மதுபானம் விற்கக்கூடாது என்ற 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி அதை மீளக் கொண்டுவரப் பணித்தார். நான் குடிப்பதில்லை, குடிக்கச் சொல்லவுமில்லை. குடியால் அழிந்த ஈரலோடு என் விடுதியில் படுத்திருப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். காப்பாற்றுவதுதான் நோக்கமென்றால் தடை அங்கே வந்திருக்கவேண்டும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இராது.

இளம் வைத்தியராக ஓரிடத்தில் வேலை செய்தபோது, நான்கு பிள்ளைகளின் தாய் ஒருவர் தனியாக வந்தார். இனிப் பிள்ளை வேண்டாம், சத்திரசிகிச்சை செய்துவிடுங்கள் என்றார். "கணவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். அது அங்கே வழக்கம். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அடுத்த தடவை அவரைக் கண்டபோது அது ஐந்தாவது கர்ப்பம், இரத்த அழுத்தம் எல்லை மீறியிருந்தது. தாயும் பிள்ளையும் தப்பியது எங்கள் திறமையால் அல்ல, அதிர்ஷ்டத்தால். வீடு போகும் நாளில், "அண்டைக்கு ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு வரேல்லை?" என்று கேட்டேன். "கூட்டிக்கொண்டு வரக்கூடிய ஆளெண்டால் நான் ஏன் டொக்டர் தனிய வந்தனான்?" என்றார்.

அந்த மேசையில் அன்று அரசு இருக்கவில்லை, நான் இருந்தேன். இதே கல்லூரியில் படித்த, பெண் விடுதலை பற்றிய பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய நான். அவருடைய நன்மை அவரைவிட எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். தகப்பன் அரசு என்பது எங்கோ தொலைவில் இருக்கும் ஒன்றல்ல. அது எங்கள் கையிலிருக்கும் பேனையின் முனையில் இருக்கிறது.

என் வயதுக்காரருக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த கூட்டத்தில் நாங்களும் நடந்தோம். அதற்கு முன்னர் குடாநாட்டை விட்டுப் போக ஒரு தரப்பிடம் பாஸ் எடுத்தோம். பின்னர் கொழும்புக்குப் போக மற்றத் தரப்பிடம் அனுமதி எடுத்தோம். இரண்டு இடத்திலும் எங்களுக்குச் சொல்லப்பட்டது ஒரே வாசகம்: உங்கள் பாதுகாப்புக்காகத்தான். அந்த வாசகத்தைக் கேட்டாலே எங்கள் தலைமுறைக்கு உள்ளே ஏதோ இறுகும். அதனால்தான் எங்களில் பலருக்கு அரசு எதைச் சொன்னாலும் அவநம்பிக்கை. அந்த அவநம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அது முழுமையான மருந்தல்ல. அரசு கையை எடுத்துவிட்டால் சுதந்திரம் தானாக வந்துவிடாது. கொட்டிலில் நஞ்சு அப்படியே இருக்கும். கேட்டுக்குள் முகவரும் நுண்கடன்காரரும் வருவார்கள்.

ஆகவே இரண்டையும் இணைக்கமுடியுமா என்ற கேள்விக்கு என் பதில், முடியும் என்பதுதான். ஆனால் ஒவ்வொரு சட்டத்தையும் நிறுத்தி மூன்று கேள்வி கேட்கவேண்டும். இது பொருளைத் தொடுகிறதா, ஆளைத் தொடுகிறதா? தீர்மானத்தைச் சற்றுப் பிந்தவைத்து அவரிடமே திருப்பிக் கொடுக்கிறதா, அல்லது ஒரேயடியாகப் பறித்துக்கொள்கிறதா? யாருடைய நன்மைக்காகவோ, அவரைக் கேட்டார்களா, பிறகு எண்ணிப் பார்த்தார்களா? ஹெல்மெட் இந்தச் சோதனையில் தேறும். அது பூவை நசிக்கும், ஆனால் நீங்கள் எங்கே போகவேண்டும் என்று சொல்லாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஹெல்மெட்.

எமது சங்கம் தொடங்கப்பட்ட காலத்தில் இந்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் வாக்குரிமை இருக்கவில்லை. 1931இல் அது வந்தது. அன்றும் பெண்ணுக்கு அது வேண்டாம், அவளுக்கு நல்லதல்ல என்று சொன்ன பெரியவர்கள் எங்கள் சமூகத்திலேயே இருந்தார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். எங்கள்மேல் அக்கறையுள்ளவர்கள். அக்கறை உள்ளவர்களிடமிருந்துதான் சுதந்திரத்தைக் கேட்டுப் பெறுவது கடினம்.

இந்த நூறு ஆண்டுகளில் எமது கல்லூரி பிரதேச செயலாளர்களை, நீதிபதிகளை, கிராம அலுவலர்களை, தாதியரை, ஆசிரியைகளை, வைத்தியர்களை உருவாக்கியிருக்கிறது. அரசு எங்கே என்று தேடவேண்டாம். இந்த மண்டபத்தில் நீங்களெல்லாம் இருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலை உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நிற்பார். கையில் ஒரு விண்ணப்பம் இருக்கும். உங்களைவிடக் குறைவாகப் படித்தவராக இருப்பார், உங்களைவிடக் கூடுதலாகப் பட்டவராக இருப்பார். கையொப்பமிடுவதற்கு முன், அல்லது மறுப்பதற்கு முன், அவரை இருக்கச் சொல்லுங்கள். "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று ஒரு தடவை கேளுங்கள். நான் அன்று கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

 வீட்டுக்குப் போகும்போது ஹெல்மெட்டை மறக்கவேண்டாம்.